செத்த மீனும் எதிர்நீச்சல் போடுமா?

“செத்த மீன்தான் வெள்ளத்தோடு போகும், உயிருள்ள மீன் எதிர்நீச்சல் போடும்” என்று மேடையில் பேசுபவர்கள் சொல்ல நீங்கள் கேட்டிருக்கலாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சோதனைச் சாலையில் ஒரு செத்த மீன் இந்தப் பேச்சைப் பொய்யாக்கி விட்டது!

அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தையும் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நீர் ஒரே சீராக ஓடும் தொட்டி ஒன்று. அதில் நீரோட்டத்தை மறித்தாற்போல் செங்குத்தாக நிற்கும் ஓர் உருளை. உருளைக்குப் பின்புறம், மெல்லிய இழையில் கட்டிவிடப்பட்ட ஒரு டிரவுட் மீன். (ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விடப்பட்டதே, அந்த வானவில் டிரவுட் இனம்தான்.) மீன் உயிரற்றது. நீர் ஓடும்போது அது பின்னால் இழுபட்டு, இழை விறைப்பாக நிற்க வேண்டும் அல்லவா?

நடந்தது வேறு. மீனின் உடல் இடமும் வலமுமாக வளைந்து ஆடத் தொடங்கியது. பார்ப்பதற்கு உயிருள்ள மீன் நீந்துவது போலவே இருந்தது. சிறிது நேரத்தில் இழை தொய்ந்தது. செத்த மீன் நீரோட்டத்தை எதிர்த்து உருளையை நோக்கி முன்னேறியது! இந்தச் சோதனையின் முடிவுகள் 2006-ஆம் ஆண்டில் வெளியாயின.

இதில் மாயம் எதுவும் இல்லை. ஆற்றல் எங்கிருந்தோ சும்மா வந்து விடவும் இல்லை. அப்படியானால் செத்த மீனைத் தள்ளியது யார்? இந்தக் கேள்விக்கு விடை காண, மீன் நீரை எப்படி உணர்கிறது, எப்படி நீந்துகிறது என்பவற்றை முதலில் பார்க்க வேண்டும். அதைத் தெரிந்துகொண்டால், இன்றைய இயந்திர மீன்களின் வெற்றியும் தோல்வியும் எளிதில் விளங்கிவிடும்.

உடல் முழுதும் ஓடும் ஒரு கோடு

கால்வாயில் துண்டை விரித்துக் கெண்டைக் குஞ்சு பிடித்த அனுபவம் உங்களுக்கு இருக்கலாம். பின்னாலிருந்து எவ்வளவு மெதுவாகக் கையைக் கொண்டு போனாலும், விரல் படுவதற்கு முன்பே மீன் விலகி ஓடிவிடும். நாம் தொடுவதற்கு முன்பே, கைக்கு முன்னால் தள்ளப்படும் நீர் அதைத் தொட்டு விடுகிறது!

அடுத்த முறை வீட்டில் மீன் வாங்கினால், கழுவுவதற்கு முன் அதன் பக்கவாட்டை உற்றுப் பாருங்கள். செவுள் மூடியின் பின்புறத்திலிருந்து வால் வரை ஒரு மெல்லிய கோடு ஓடும். கெண்டை, கட்லா, ரோகு, கொடுவா ஆகிய மீன்களில் இது நன்றாகத் தெரியும். வஞ்சிரத்தில் இரண்டாம் முதுகுத் துடுப்புக்குக் கீழே இந்தக் கோடு சட்டென்று இறங்கி வளைவதைக் காணலாம். மத்தியில் மட்டும் தேடாதீர்கள். அந்த இனத்தில் உடலின் பக்கவாட்டில் இக்கோடு இல்லை. அதற்குரிய உறுப்புகள் தலைப் பகுதியில் அமைந்துள்ளன.

இதற்குப் பக்கக் கோட்டு உறுப்பு என்று பெயர். கோட்டின் மீதுள்ள செதில்களில் நுண்ணிய துளைகள் உண்டு. துளைகளுக்கு அடியில் தோலினுள் ஒரு மெல்லிய குழாய் செல்கிறது. குழாயின் உட்புறத்தில் மயிர் போன்ற நுண்ணிய நீட்சிகளைக் கொண்ட செல்கள் கூட்டங் கூட்டமாக உள்ளன. ஒவ்வொரு கூட்டத்தின் மேலும் கூழ் போன்ற பொருளாலான ஒரு குல்லாய் கவிந்திருக்கும். வெளியே நீர் அசைந்தால் குழாயினுள் உள்ள திரவமும் அசையும், குல்லாய் சாயும், மயிர்கள் வளையும், உடனே நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகும். இதே போன்ற செல் கூட்டங்கள் தோலின் மேற்பரப்பிலும் உண்டு. மேற்பரப்பில் இருப்பவை நீரோட்டத்தின் வேகத்தைத் தெரிவிக்கின்றன. குழாயினுள் இருப்பவையோ, உடலில் ஓரிடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் இடையே ஏற்படும் அழுத்த வேறுபாட்டைத் தெரிவிக்கின்றன.

நம் உட்காதிலும் இதே வகை மயிர்ச் செல்கள்தாம் ஒலியை உணர்கின்றன. நமக்குக் காதுக்குள் ஒளிந்திருக்கும் கருவி, மீனுக்கு உடல் நெடுகப் பரப்பி வைக்கப்பட்டுள்ளது. தொடு உணர்ச்சிக்கும் கேட்கும் உணர்ச்சிக்கும் இடைப்பட்ட ஓர் ஆறாவது புலன் இது எனலாம். தன் உடலைப்போல் ஒன்றிரண்டு மடங்கு தூரத்துக்குள் நடக்கும் நீரசைவுகளை மீன் இதன் மூலம் அறிந்து கொள்கிறது.

நெடுங்காலம் வரை இந்தக் கோட்டை, தோலை வழவழப்பாக்கும் கோழைச் சுரப்பி என்றே கருதினார்கள். 1850-இல் ஜெர்மானிய விஞ்ஞானி லைடிக் இது ஓர் உணர்வு உறுப்பு என்று கண்டார். அது எதை உணர்கிறது என்பதை 1930-களில் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி டைக்கிராப் சோதனைகளால் தெளிவுபடுத்தினார்.

மெக்சிகோ நாட்டின் இருண்ட குகைகளில் குருட்டு மீன் ஒன்று வாழ்கிறது. முட்டைக்குள் இருக்கும்போது கண் உருவாகத் தொடங்கும். பிறகு அது அழிந்து தோலால் மூடப்பட்டு விடும். ஆனால் இந்த மீன் பாறையில் மோதிக் கொள்வதில்லை. தான் நீந்தும்போது தன்னைச் சுற்றி எழும் நீரோட்டம் சுவருக்கு அருகில் வரும்போது சற்று மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கொண்டே சுவர் இருப்பதை அறிந்து கொள்கிறது.

கூட்டமாக நீந்தும் மீன்களுக்கும் இந்தப் புலன் உதவுகிறது. காட் மீன் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கடல் மீனைக் கொண்டு பிரிட்டனில் நடத்திய ஆய்வு 1976-இல் வெளியாயிற்று. கண்களை மறைத்துவிட்ட பிறகும் அந்த மீன்கள் கூட்டத்தோடு சேர்ந்து நீந்தின. கண்ணை மறைத்ததோடு பக்கக் கோட்டின் நரம்பையும் துண்டித்த பிறகுதான் அவற்றால் கூட்டத்தில் சேர முடியவில்லை.

வால் செய்யும் வேலை

இனி நீந்தும் முறையைப் பார்ப்போம். நீர் காற்றைப்போல் ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. இடுப்பளவு நீரில் ஓடிப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். இவ்வளவு கனமான பொருளைக் கிழித்துக்கொண்டு மீன் எப்படி விரைகிறது?

மீனின் உடலில் பெரும் பங்கு தசைதான். இடப்பக்கத் தசையும் வலப்பக்கத் தசையும் மாறி மாறிச் சுருங்குகின்றன. இந்தச் சுருக்கம் தலையில் தொடங்கி வாலை நோக்கி ஓர் அலையாகச் செல்கிறது. விலாங்கில் உடல் முழுதுமே அலையாக வளையும். டிரவுட், கெண்டை போன்றவற்றில் பின்பாதி அதிகமாக வளையும். சூரை மீனில் உடல் விறைப்பாக நிற்க, பிறை வடிவ வால் மட்டும் விரைந்து அடிக்கும். சூரையை நறுக்கும்போது கருஞ்சிவப்பான சதைப் பட்டை ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். களைப்பின்றி நெடுநேரம் நீந்துவதற்கான தசை அது. வெளிறிய சதை, சட்டென்று பாய்வதற்கானது.

வால் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் நீரில் ஒரு சுழலை விட்டுச் செல்கிறது. இடப்புறம் அடிக்கும்போது ஒன்று. வலப்புறம் அடிக்கும்போது எதிர்த் திசையில் சுழலும் மற்றொன்று. இவ்விரு வரிசைச் சுழல்களும் பல்சக்கரங்களைப் போல ஒத்துழைத்து, நடுவிலுள்ள நீரைப் பின்னோக்கிப் பீய்ச்சுகின்றன. நீர் பின்னே போனால் மீன் முன்னே போகும். நியூட்டனின் மூன்றாம் விதியை நினைவு கொள்ளுங்கள்.

ஆற்றில் பாலத்தின் தூணுக்குப் பின்னாலும் இப்படி இரண்டு வரிசைச் சுழல்கள் உண்டாகின்றன. ஹங்கேரியில் பிறந்த தியோடர் வான் கார்மன் என்ற அறிஞர் 1911-இல் இவற்றின் கணக்கை விளக்கியதால், இவற்றுக்குக் கார்மன் சுழல் வரிசை என்று பெயர் வந்தது. ஒரே ஒரு வேற்றுமை: தூணுக்குப் பின்னால் உள்ள சுழல்கள், மீனின் வால் விடும் சுழல்களுக்கு நேர் எதிர்த் திசையில் சுழல்கின்றன. ஆகையால் தூணின் பின்னே நடுவிலுள்ள நீர் வேகம் குறைந்து பின்தங்குகிறது.

வாலை எவ்வளவு வேகமாக அடிக்க வேண்டும்? இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு வினாடியில் வால் அடிக்கும் எண்ணிக்கையை, வால் வீசும் அகலத்தால் பெருக்கி, நீந்தும் வேகத்தால் வகுக்க வேண்டும். உதாரணமாக, ஒரு மீன் வினாடிக்கு 4 முறை வாலை வீசுகிறது. வீச்சின் அகலம் 7.5 செ.மீ., அதாவது 0.075 மீட்டர்; வேகம் வினாடிக்கு 1 மீட்டர் என்று கொள்வோம். விடை 0.3. செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்டிரௌகால் காற்றில் பாடும் கம்பிகளை ஆராய்ந்து 1878-இல் கண்ட எண் இது. சீராக நீந்தும் மீன்களில் மட்டுமல்ல, திமிங்கில இனங்களிலும், பறக்கும் பறவைகளிலும் வௌவால்களிலும் கூட இந்த எண் பெரும்பாலும் 0.2-க்கும் 0.4-க்கும் இடையிலேயே அமைகிறது. செலவழிக்கும் ஆற்றலுக்கு அதிகப் பயன் கிடைப்பது அந்த எல்லைக்குள்தான்.

இழை தொய்ந்த காரணம்

இப்பொழுது செத்த மீனிடம் திரும்புவோம். உருளைக்குப் பின்னால் இடமும் வலமுமாகச் சுழல்கள் பிரிந்து வருகின்றன. ஒவ்வொரு சுழலும் மீனின் உடலை ஒரு பக்கத்திலிருந்து சாய்வாகத் தாக்குகிறது. மீனின் உடல் விறைத்த கட்டை அன்று. வளைந்து கொடுக்கும் சதையும் முள்ளும் சேர்ந்தது. சுழல் தள்ள, உடல் வளைகிறது. அடுத்த சுழல் மறுபக்கம் தள்ள, உடல் மறுபுறம் வளைகிறது. எதிர்க்காற்றிலும் பாயைச் சாய்வாகத் திருப்பி, இடமும் வலமுமாக மாறி மாறிச் சென்று முன்னேறும் பாய்மரப் படகைப் பார்த்திருக்கிறீர்களா? அதே போல, சாய்வாக வரும் நீர் உடலின் மேல் உண்டாக்கும் விசையின் ஒரு பகுதி முன்னோக்கி அமைந்து விடுகிறது. மீனைத் தள்ளியது நீரோட்டத்தின் ஆற்றலேதான். உருளை அதைச் சுழலாக்கிக் கொடுத்தது. வளையும் உடல் அதை வாங்கிக் கொண்டது.

உயிருள்ள மீன் இந்த உண்மையை அறியாமலா இருக்கும்? ஜேம்ஸ் லியாவ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் டிரவுட் மீனின் தசைகளில் நுண்ணிய மின்கம்பிகளைப் பொருத்தி, எந்தத் தசை எப்போது வேலை செய்கிறது என்று அளந்தார்கள். சீராக ஓடும் நீரில் நீந்தும்போது தலையிலிருந்து வால்வரை தசைகள் அலையலையாக உழைத்தன. உருளைக்குப் பின்னால் வந்தபோதோ, தலைக்கு அடுத்த முன்பகுதித் தசைகள் மட்டுமே சிறிது வேலை செய்தன. மற்றவை ஓய்வு எடுத்தன. உடலின் ஆட்டம் மட்டும் சுழல்கள் வரும் தாளத்துக்கு ஒத்து நடந்தது. இது 2003-இல் வெளியான செய்தி.

செத்த மீனுக்கும் உயிருள்ள மீனுக்கும் உள்ள வேற்றுமையும் இங்கேதான் இருக்கிறது. செத்த மீன் தற்செயலாகச் சுழல்களின் நடுவே இருக்கும்வரை முன்னேறும். விலகினால் திரும்பி வர அதற்குத் தெரியாது. உயிருள்ள மீனோ நீரை உணர்ந்து, முன்னுடலைச் சற்றே திருப்பி, தன் இடத்தைப் பிடித்துக் கொள்கிறது. ஆற்றுப் பாறைகளுக்குப் பின்னால் மீன்கள் மணிக்கணக்கில் நிற்பது இப்படித்தான்.

வேட்டையும் தப்புதலும்

நீந்தும் மீன் நீரில் சுழல்களை விட்டுச் செல்கிறது என்றோம். அந்தச் சுழல்களே அதைக் காட்டிக் கொடுத்தும் விடுகின்றன. ஐரோப்பிய ஆறுகளில் வாழும் பெரிய கெளுத்தி இனம் ஒன்று இரவில் வேட்டையாடும். ஜெர்மனியில் அதைக் கும்மிருட்டான தொட்டியில் விட்டு, கூடவே சிறிய கப்பி மீன்களையும் விட்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் படம் பிடித்தார்கள். கெளுத்தி இரையை நோக்கி நேராகப் போகவில்லை. கப்பி எந்த வளைவு நெளிவான பாதையில் சென்றதோ, அதே பாதையில் பின்தொடர்ந்து சென்று பிடித்தது. 10 வினாடி வரை பழைய தடத்தையும் அதனால் தொடர முடிந்தது. பக்கக் கோட்டைச் செயலிழக்கச் செய்தபோது இந்தத் திறமை பெரிதும் குறைந்தது. மோப்ப நாய் மண்ணில் தடம் பார்ப்பது போல, கெளுத்தி நீரில் தடம் பார்க்கிறது!

இரையை அடைந்த பின் என்ன செய்வது? மீனுக்குக் கை இல்லை. இரை மீது பாய்ந்தால், தன் உடலால் தள்ளப்படும் நீரே இரையை அப்பால் தள்ளிவிடும். ஆகவே பல மீன்கள் வாயைத் திடீரென்று அகலத் திறந்து நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சி விடுகின்றன. பெருவாய் பாஸ் என்னும் அமெரிக்க நன்னீர் மீனை ஆராய்ந்தவர்கள் 2015-இல் ஒரு விந்தையைக் கண்டார்கள். இந்த உறிஞ்சலுக்கான ஆற்றலில் பெரும் பகுதியைத் தலையிலுள்ள சிறு தசைகள் தருவதில்லை; நீந்த உதவும் அதே உடல் தசைகள்தாம் தருகின்றன. மீன் தன் உடல் முழுவதாலும் வாயைத் திறக்கிறது!

இரையும் சும்மா இருப்பதில்லை. ஆபத்தின் அலை ஒரு பக்கத்தில் பட்டதும், மூளையிலுள்ள ஒரு ஜோடிப் பெரிய நரம்பு செல்களில் ஒன்று கட்டளையிடுகிறது. எதிர்ப்பக்கத் தசைகள் முழுவதும் ஒருங்கே சுருங்க, மீன் பிறைபோல் வளைந்து மறுபுறம் பாய்ந்து விடுகிறது. நாம் கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கால்வாயில் கெண்டைக் குஞ்சு உங்களிடமிருந்து தப்பியது இந்த வித்தையால்தான்.

ஆனால் இதையும் வென்ற வேட்டைக்காரர் உண்டு. தென்கிழக்கு ஆசியாவில் வாழும் ஒரு நீர்ப்பாம்பு, முகத்தில் இரு சிறு கொம்புகள் உடையது. தன் உடலைக் கொக்கிபோல் வளைத்துக் காத்திருக்கும். மீன் அந்த வளைவுக்குள் வந்ததும் பாம்பு முதலில் தன் கழுத்தருகே உடலை மெல்ல அசைக்கிறது. அந்த அலை பட்டதும் மீன் மிரண்டு மறுபுறம் பாய்கிறது. மறுபுறத்தில் இருப்பது பாம்பின் வாய்! கென்னத் கட்டானியா என்ற அமெரிக்க விஞ்ஞானி 2009-இல் இதை விரைவுப் படங்கள் மூலம் காட்டினார். தப்பிக்க உதவும் வேகமே தூண்டிலாகி விடுகிறது.

கலங்கிய நீரில் சில மீன்கள் மின்சாரத்தையே கண்ணாக்கிக் கொண்டுள்ளன. ஆப்பிரிக்க ஆறுகளில் உள்ள ஜிம்னார்க்கஸ் என்ற மீன் பின்புறமாக நீந்தினாலும் எதிலும் இடிப்பதில்லை. அது தன்னைச் சுற்றி ஓயாமல் ஒரு வலுக் குறைந்த மின்புலத்தை உண்டாக்கி, அதில் பிற பொருள்கள் ஏற்படுத்தும் மாறுதலைத் தோலால் உணர்கிறது என்பதைக் கேம்பிரிட்ஜில் லிஸ்மன் 1950-களில் கண்டறிந்தார்.

இயந்திர மீன்கள்

கடலை ஆராயப் பயன்படும் கலங்களைச் செலுத்துவது பெரும்பாலும் புரொப்பெல்லர் என்னும் சுழல்விசிறிதான். அது நல்ல கருவிதான். ஆனால் சேற்றைக் கிளப்பும், பாசியில் சிக்கும், இரைச்சலால் உயிரினங்களை விரட்டும். சட்டென்று திரும்பவும் அத்தகைய கலங்களால் இயலாது. மீனைப்போல் ஒரு கருவி செய்தால் என்ன என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறந்தது.

மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மைக்கேல் டிரையான்டபில்லு என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர் டேவிட் பாரெட்டும் 1990-களின் நடுவில் ஓர் இயந்திரச் சூரை மீனைச் செய்தார்கள். ஏறக்குறைய 1.2 மீட்டர் நீளம். உள்ளே முதுகெலும்பும் விலா எலும்புகளும் போன்ற அமைப்பு. மேலே நுரைப் பஞ்சும் நீச்சலுடைத் துணியும் போர்த்த தோல். இது தானாகக் கடலில் நீந்தவில்லை. நீண்ட தொட்டியின் மேலிருந்து ஒரு தண்டால் பிடிக்கப்பட்டு நீந்தியது. உடல் சரியான தாளத்தில் அசையும்போது செலவாகும் ஆற்றல், அதே உடலை விறைப்பாக வைத்து இழுக்கத் தேவைப்படும் ஆற்றலைவிடக் கணிசமாகக் குறைவு என்று அளந்து காட்டினார்கள்.

செத்த மீன் கற்பித்த பாடம் அடுத்த தலைமுறைக் கருவிகளில் தெரிகிறது. உடல் வளைந்து கொடுக்க வேண்டும்! அதே கழகத்தில் 2018-இல் அறிவிக்கப்பட்ட ‘சோபி’ என்ற ரோபோ மீனின் வால் மிருதுவான சிலிக்கோன் ரப்பரால் ஆனது. வாலுக்குள் இரண்டு அறைகள். ஒரு சிறு பம்பு அவற்றுக்குள் நீரை மாறி மாறித் தள்ள, வால் இடமும் வலமும் வளைகிறது. பிஜித் தீவின் பவளப் பாறைகளிடையே 18 மீட்டர் ஆழம் வரை, ஏறக்குறைய 40 நிமிடம், மீன்களுக்கு அருகிலேயே இது நீந்திப் படம் எடுத்தது. ரேடியோ அலை நீரில் தூரம் செல்லாது. ஆதலால் முக்குளிப்பவர் ஒலி அலைகள் மூலம் கட்டளையிட்டார்.

மிருதுவான உடலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. மரியானா அகழியின் அடியில் நீரின் அழுத்தம் நம் காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல். ஆழ்கடலில் வாழும் நத்தை மீனின் மண்டையோட்டு எலும்புகள் முற்றிலும் இணையாதிருப்பதைக் கண்ட சீன விஞ்ஞானிகள், மின்னணு உறுப்புகளை ஒரே பெட்டியில் அடைக்காமல் பிரித்துப் பரப்பி, மிருதுவான சிலிக்கோனுக்குள் பதித்தார்கள். 2021-இல் வெளியான அறிக்கையின்படி, அந்த ரோபோ 10,900 மீட்டர் ஆழத்தில் நசுங்காமல் தன் துடுப்புகளை அசைத்தது.

உணர்வு என்ற பாடத்தை எடுத்துக்கொண்டது எஸ்டோனியா நாட்டின் தாலின் தொழில்நுட்பப் பல்கலைக் கழகம். மார்யா குரூஸ்மா என்பவரின் தலைமையில் ஐரோப்பியக் குழு ஒன்று 2009-க்கும் 2012-க்கும் இடையில் டிரவுட் போன்ற ரோபோவைச் செய்து, அதன் உடலில் பக்கக் கோட்டுக்குப் பதிலாக நுண்ணிய அழுத்தமானிகளைப் பதித்தது. நீரோட்டத்தை ‘உணர்ந்த’ அந்த ரோபோ, ஓடும் நீரில் அடித்துச் செல்லப்படாமல் தன் இடத்தைக் காத்துக்கொண்டது. ஒரு தடைப்பொருளின் மறைவில் நின்றபோது அதற்கும் ஆற்றல் மிச்சமாயிற்று!

வேட்டையாடும் ரோபோவும் வந்துவிட்டது. கொசுவை ஒழிப்பதற்காக அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரப்பப்பட்ட கம்பூசியா மீன், நம் நாட்டிலும் கிணறுகளிலும் குளங்களிலும் விடப்பட்டதுதான். ஆஸ்திரேலியாவில் அது தவளைக் குஞ்சுகளைக் கடித்துக் குதறும் தொல்லையாகி விட்டது. அங்கே பாஸ் மீன் உருவத்தில் ஒரு ரோபோ செய்து சோதனைத் தொட்டிகளில் விட்டார்கள். கம்பூசியா தவளைக் குஞ்சை நெருங்கும்போதெல்லாம் ரோபோ பாய்ந்து மிரட்டியது. அச்சத்தால் கம்பூசியாவின் எடை குறைந்தது. இனப்பெருக்கத் திறனும் குறைந்தது. தவளைக் குஞ்சுகள் நிம்மதியாக இருந்தன. 2021-இல் வெளியான இச்சோதனை தொட்டிக்குள் நடந்ததே தவிரக் குளத்தில் நடந்ததன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னும் எட்டாதது

இவ்வளவும் கேட்ட பிறகு, மீனை மனிதன் வென்றுவிட்டான் என்று எண்ணிவிடக் கூடாது. 40 நிமிட நீச்சலை ரோபோவின் சாதனையாகக் கொண்டாடுகிறோம். சூரை மீனோ பெருங்கடல்களையே கடந்து செல்கிறது. மின்கலத்தின் திரவத்தையே இரத்தம்போல் உடலெங்கும் ஓடவிட்டு, ஆற்றலுக்கும் அசைவுக்கும் ஒருங்கே பயன்படுத்திய ஒரு ரோபோ 2019-இல் அமெரிக்காவில் செய்யப்பட்டது. 36 மணி நேரம் வரை அதனால் இயங்க முடியும் என்று கணக்கிட்டார்கள். ஆனால் அதன் வேகம்? ஒரு நிமிடத்தில் தன் உடலைப்போல் ஒன்றரை மடங்கு தூரம்!

மீனின் உடலில் உணரும் கருவி வேறு, நீந்தும் கருவி வேறு, உண்ணும் கருவி வேறு என்று பிரித்து வைக்கப்படவில்லை. நீந்தும் தசையே வாயையும் திறக்கிறது; நீந்தும் அசைவே சுவரையும் காட்டுகிறது; நீந்திய தடமே வேட்டைக்கும் வழியாகிறது. பொறியியலார் இன்னும் தனித்தனி உறுப்புகளை ஒட்டவைத்துக் கொண்டிருக்கிறார்கள்.

இந்த ஆராய்ச்சியின் பயன் ரோபோக்களோடு முடிவதில்லை. கங்கையில் பராக்கா தடுப்பணை 1975-இல் செயல்படத் தொடங்கியபின், கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறிவரும் ஹில்சா மீன் அணைக்கு மேலுள்ள பகுதிகளில் அருகிப் போயிற்று. உலகின் பல ஆறுகளிலும் இதே கதைதான். அணைகளில் மீன் ஏறுவதற்கென்று வழிகள் கட்டுகிறார்கள். அதில் நீர் எவ்வளவு ஓடுகிறது என்பது மட்டும் போதாது. எப்படிச் சுழல்கிறது என்பதும் முக்கியம். மீனின் உடலுக்குப் பொருந்தும் சுழல் அதைத் தாங்கி இளைப்பாற வைக்கும். பொருந்தாத சுழல் அதைப் புரட்டிக் களைப்பாக்கும். ஓடையிலுள்ள பாறைகளையெல்லாம் அகற்றி, கரையை நேராக்கி, சிமெண்டு பூசும்போது நாம் மீனின் ஓய்விடங்களை அழிக்கிறோம். எதிர்நீச்சல் போட மீனுக்கு வலிமை மட்டும் போதாது. சாய்ந்துகொள்ள ஒரு சுழலும் வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

அகன்ற தாம்பாளம் ஒன்றில் இரண்டு அங்குல உயரம் நீர் நிரப்புங்கள். நீர் அசைவற்று நின்ற பின், மேலே சிறிது மஞ்சள் தூளைப் பரவலாகத் தூவுங்கள். விரல் பருமனுள்ள ஒரு குச்சியைச் செங்குத்தாகப் பிடித்து, நேர்கோட்டில் மெதுவாக இழுங்கள். குச்சியின் பின்னால் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழல்கள் பிரிவதைக் காண்பீர்கள். அதுதான் கார்மன் சுழல் வரிசை. பிறகு குச்சிக்குப் பதில் வளையக்கூடிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை நிறுத்திப் பிடித்து, இடமும் வலமும் மெல்ல வீசியபடி முன்னே நகர்த்துங்கள். வீச்சுக்கு ஒன்றாகப் பிரியும் சுழல்களைப் பாருங்கள். வீச்சை வேகமாக்கியும் மெதுவாக்கியும் அவை எப்படி மாறுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு ஒரு குளக்கரைக்கோ, மீன் தொட்டி அருகிலோ சென்று சிறிது நேரம் நில்லுங்கள். மீன் வாலை வீசும் ஒவ்வொரு முறையும், கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுழல்கள் இப்போது உங்களுக்குத் தெரியும்.